எஸ்தர் அக்காவின் கைரேகை

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

பாளையங்கோட்டையில் அவர் வீட்டுத் தெருமுனையில் நின்றுதான் இதை எழுதுகிறேன். உள்ளே போனேன், இருக்க முடியவில்லை. வெளியே வந்தேன், கிளம்பவும் முடியவில்லை... மூன்று முறை எழுதி அழித்தாயிற்று.

தச்சநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நானும் அக்காவும் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது அக்காவின் வேலை. தேய்ந்துபோன விரல்களின் ரேகையை மெஷினில் பதிய வைப்பதில் கெட்டிக்காரர். ஈரத்துணியால் துடைத்து, சூடு வர லேசாகத் தேய்த்து வைக்கச் சொல்வார். பதிந்துவிடும்.

எங்களுக்குள் ஏ.சி.யால் தினமும் சண்டை. கத்திரி வெயிலில் நான் போடுவேன், அவர் அணைப்பார். ஒருநாள் ரிமோட்டை ஹேண்ட்பேகில் போட்டு வீட்டுக்கே கொண்டு போய்விட்டார். மறுநாள் அவருக்கு லீவு வேறு. நாங்கள் அவிந்துபோனோம்.

திருநெல்வேலியில் குளிருது என்று சொல்லும் ஒரே ஆள் நீங்கள்தான் என்று கேலி செய்தேன். விரலைக் காட்டினார். நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கொஞ்ச நேரத்தில் நீலம். அப்புறம் சிவப்பு.

எனக்குப் பயம், ஒட்டுமோ என்று... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நாள் அவர் டிபன் பாக்ஸில் கை வைக்கவில்லை.

அதைக் கவனித்துவிட்டார். நேராகவே சொன்னார்.

"ஸ்க்ளீரோடெர்மான்னு பேரு தம்பி. ஒட்டாது. ஒடம்பக் காக்க வேண்டியதே ஒடம்ப அடிக்கி. அதான் தோலு இறுகிக்கிட்டே வருது."

தோலோடு நிற்கவில்லை. சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கும், எரியும். வாய் சிறுத்து, இட்லியைக்கூடப் பிய்த்துப் பிய்த்துத்தான் சாப்பிட்டார். முகம் இறுகிப்போனதால் சிரித்தாலும் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை.

காலையில் மெஷினைத் திறக்க, அந்த சீட்டில் உட்காருகிறவர் முதலில் விரல் வைக்க வேண்டும். அக்காவின் விரல் பதியவில்லை. தோல் இறுகி ரேகையே மழுங்கியிருந்தது. ஈரத்துணி, தேய்ப்பு, எதற்கும் மசியவில்லை. வெளியே க்யூ, ஆளுக்கொரு பேச்சு. எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து போய் அவர் விரலைப் பிடித்து நானே கண்ணாடியில் அழுத்தினேன்.

"வலிக்கி தம்பி."

முகத்தில் வலி தெரியவில்லை. அதனால் இன்னும் அழுத்தினேன்.

விட்டபோது கண்ணாடியில் ரத்தம். விரல் நுனியில் புண் இருந்திருக்கிறது.

அவரே துடைத்தார். க்யூ நிற்கிறது, நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் என்று சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு எழுந்தார். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒருதடவை போன் செய்தேன். வறட்டு இருமல். ரெண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. நுரையீரலும் இறுக ஆரம்பித்துவிட்டதாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. நேரில் போகலாம், போகலாம் என்று... இரண்டு வருடம் போய்விட்டது. இதோ பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.

இன்றுதான் வந்தேன். சவூதியிலிருந்து அவர் தம்பி வர வேண்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கைகளில் தடிமனான கம்பளி உறை, காலிலும். இதெல்லாம் எதற்கு, வழக்கமாகப் போடும் வெள்ளை உறை போதுமே என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த அவர் கணவர் நிமிரவே இல்லை.

"அவளுக்குக் குளிரு ஆவாது" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

அக்கா... உங்கள் விரலைப் பிடித்து அப்படி அழுத்தியிருக்கக் கூடாது. போய் வாருங்கள்.