அஞ்சலையின் பிள்ளைக்கு மூக்குக் குழாய்

மலாயா ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்றால் கூட்டுவது, துடைப்பது, சட்டி கழுவுவது என்றுதான் சேரும்போது சொன்னார்கள். பச்சைப் பிள்ளையின் உயிரைப் பிடிப்பதா விடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் அதில் சேர்த்தி என்று ஒருவரும் சொல்லவில்லை. கைக்குழந்தையை வீட்டில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களே, நீங்களாவது கேளுங்கள்.

பெட்டிக்குள் பிள்ளை

பால்மரம் வெட்டும் அஞ்சலைக்கு மாசம் நிறையாமலே பெண் பிறந்தது. அணில் குஞ்சு மாதிரி இருந்தது. மரப்பெட்டியில் பஞ்சு பரப்பி, சுற்றிலும் வெந்நீர்ப் போத்தல் அடுக்கிப் படுக்க வைத்தோம். அதற்குச் சப்பத் தெரியவில்லை. தினமும் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் ஐயா மெல்லிய ரப்பர் குழாயை மூக்கு வழியாக வயிற்றுக்கு இறக்கினார். அஞ்சலை ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தாள். பாலுக்கு என்ன பஞ்சம், கைப்பிள்ளைக்காரி நான் இருக்கிறேனே!

குழாய் மாற்றும்போதெல்லாம் பிள்ளை நீலம் பாரித்து மூச்சை நிறுத்திவிடும். உள்ளங்காலைச் சுண்டுவேன்; விக்கிக்கொண்டு மூச்சு திரும்பும். டிரஸ்ஸர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கு நாம நல்லது செய்றமா, கெட்டது செய்றமான்னு எனக்கே தெரியலை ஆயா."

வேலிக் கதவில்

கம்யூனிஸ்டுச் சண்டை நடந்த அவசரகாலம் அல்லவா, நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆஸ்பத்திரியோ வேலிக்கு வெளியே. அங்கே மறைப்பு கிடையாது என்று காலையில் வீட்டிலேயே பாலைப் பீய்ச்சி, மருந்துப் போத்தலில் எடுத்துப் போனேன். புதிதாக வந்த மலாய்க்காரப் போலீஸ் பிடித்துக்கொண்டார். "சூசூ லெம்பு?" என்றார், பசும்பாலா என்று. நான் நெஞ்சைத் தொட்டு, "சாயா புன்யா, என்னோடதுலா!" என்றேன். முகம் சிவந்துபோய், போகச் சொல்லிக் கதவை அகலத் திறந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டே, "பெர்கிலா காக்காக், பெர்கி!" என்றார், போங்கக்கா போங்க என்று.

டாக்டர் வந்த நாள்

வாரம் ஒருமுறை, முன்னும் பின்னும் போலீஸ் வண்டி வர, சிரம்பானிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வருவார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். நுரையீரல் வளரவில்லை, குழாயை எடுத்துவிட்டுக் கதகதப்பாக மட்டும் வையுங்கள், போகிறதைப் போக விடுங்கள் என்றார். டிரஸ்ஸர் தமிழில் சொன்னதும் அஞ்சலை புருஷன் மாரி, "வச்சிருந்தா பொழைக்குமா?" என்று கேட்டான். சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கு மாரி சொன்னதை டிரஸ்ஸர் இங்கிலீஷில் சொல்லவே இல்லை: "சொல்ல முடியாதுன்னு சொல்லவா இவ்வளவு போலீசோட வந்தாரு?"

அஞ்சலை எழுந்தாள்

பெத்தவ கண் முழிக்கட்டும் என்று மாரி குழாயை எடுக்க விடவில்லை. அதற்குள் நான் ஊட்டிய பால் ரத்தம் கலந்து வாய்வழியே திரும்ப ஆரம்பித்தது. காய்ச்சல் இறங்கிய அஞ்சலை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உங்க பிள்ளையா இருந்தா என்னக்கா செய்வீங்க?"

"மடியில வச்சுக்குவேன்" என்றேன். அது என்ன பதில் என்று எனக்கே தெரியாது.

பிள்ளையைக் கேட்டு அவள் டிரஸ்ஸரிடம் கையை நீட்டினாள். அவர் குழாயை உருவினார். மாரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அஞ்சலை பிள்ளையை ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சாயங்காலம்வரை மூச்சு இருந்தது. குளிப்பாட்ட நான் கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

"இருங்கக்கா. இப்பத்தான் எங்கிட்ட வந்திருக்கா."

நாங்கள் செய்தது சரியா என்று யாராவது கேட்டால், அடுத்த கட்டிலுக்கு வெந்நீர் வைக்கணும் என்று நழுவுவதில் மட்டும்தான் இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி வந்திருக்கிறது.