வெங்கடேஷ் சார் திருப்பி அனுப்பிய கார்டுப் பெட்டி

வெட்கத்தை விட்டே சொல்கிறேன். வெங்கடேஷ் சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் பாதித் தலைக்குத்தான் கருப்புச் சாயம் பூசியிருந்தேன். மீதி நரையோடு கெலமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். சாவு வீட்டில் யாரும் என் தலையைக் கவனிக்கவில்லை. கவனித்துக் கிண்டலடிக்கக்கூடிய ஒரே ஆள் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

ஓசூரில் கம்பெனி வேலைக்குச் சேரும் முன் அவரிடம் ரத்தம் கொடுத்தவர்கள் உங்களில் நிறையப் பேர். நான் அவருடைய ரத்தப் பரிசோதனை லேபில் பெருக்கித் துடைக்கிற மாதம்மா. ஐந்தாவதோடு படிப்பு முடிந்தாலும் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கான சோதனைக் கார்டு பார்க்க எனக்கும் தெரியும். ஒரு கோடு என்றால் கிருமி இல்லை; இரண்டு என்றால் இருக்கிறது.

கார்டில் சொட்டு விட்டதும் சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பாத்துக்கினே இருந்தா நம்ம பயமே ஒரு கோடு போட்டுடும்" என்பார். போச்சம்பள்ளிப் பையன் ஒருவன் இரண்டு கோட்டைப் பார்த்து அழுதபோது, "கிருமி இருக்குதுன்னுதான் கார்டு சொல்லுது, சாவுன்னு சொல்லல. வீட்ல எல்லாரையும் கூட்டினு வா" என்றார். ஒருவருக்கு வந்தால் வீட்டையே வரவழைப்பது அவர் வழக்கம்.

புதுக் கார்டுப் பெட்டி வந்தால், அது சரியாக வேலை செய்கிறதா என்று கிருமி இல்லாத ரத்தத்தில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். அந்த ரத்தம் எப்போதும் என்னுடையது.

"மாதக்கா, வெரல நீட்டு."

"கொசுவுக்குக்கூட நைட் ஷிப்ட் மட்டும்தான் சார், நீங்க பகல்லயும் குடிக்கிறீங்க."

நான் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்த நாளில் ஒரு பெட்டி வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோதே தடுப்பூசி போட்டுக்கொண்டவர் என்பதால் தன் ரத்தத்தையே விட்டார். இரண்டு கோடு. பெட்டி கெட்டுவிட்டது என்று டீலரைத் திட்டித் திருப்பி அனுப்பினார். அடுத்த பெட்டியிலும் இரண்டு கோடு. அதையும் திருப்பி அனுப்பினார்.

நான் திரும்பி வந்தபோது மூன்றாவது பெட்டி இருந்தது. என் ரத்தத்துக்கு ஒரு கோடு, அவர் ரத்தத்துக்கு இரண்டு. கார்டைவிடத் துல்லியமான எலிசா சோதனைத் தட்டில் இரண்டு ரத்தத்தையும் ஊற்றினார். அவருடைய ரத்தம் இருந்த குழி மஞ்சளானது, கிருமி உறுதி. கிருமி எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் சோதனைக்கு ரத்தம் பெங்களூர் போனது. ஸ்கேனில் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி. பிறந்தபோதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், உள்ளே இருக்கும் கிருமியைத் தடுப்பூசி ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். அந்த அம்மாவும் காமாலையில் போனவர்தான்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது, "கண்ணு ரெண்டும் மாரியம்மனுக்கு வேண்டிக்கின மாதிரி மஞ்சளா இருக்குதே சார்" என்றேன். சிரித்தார். "டீலர்கிட்ட சாரி சொல்லணும்க்கா. பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் மனைவிக்கும் மகளுக்கும் கிருமி இல்லை. மீதி இருந்தது அதே அம்மா பெற்ற தம்பி. "எனக்கு என்னாத்துக்கு, நல்லாத்தான் கீறேன்" என்று நழுவிக்கொண்டே இருந்தார். வீட்டையே கூட்டிவரச் சொல்லும் சாரின் பிடிவாதம், அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். கருமாதி முடிந்ததும் தம்பியைக் கையைப் பிடித்து லேபுக்கு இழுத்து வந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

சார் இடத்துக்குப் புதிதாக வந்த பெண் அந்த ரத்தக் குப்பியை, வேகமாகச் சுற்றி ரத்தத்தைத் தெளியவைக்கும் மெஷினில் வைத்தாள். எதிர்ப்பக்கம் சம எடைக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரு குப்பி வைக்க வேண்டும், வைக்கவில்லை. மெஷின் ஆடியது, ரத்தக் குப்பி உடைந்தது. நான் துடைத்தேன். தம்பியை மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம். போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.