அரைக்குச்சி நெற்றி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தீக்குச்சி கருகிய வாடை அடித்தது. விளக்கேற்றும் அளவுக்கு என் மகளுக்குப் பக்தி கிடையாது. அதனால் அடுப்படிக்கு ஓடினேன். அங்கே ஒன்றுமில்லை. அவள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குச்சி குச்சியாகக் கொளுத்தி, ஊதி அணைத்து, அந்தக் கரியால் ஒரு படத்துக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தாள். செல்போனில் யாரோ ஒருவர் மனித முகம் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லூரி லீவு விட்டால் இவளுக்கு இப்படி ஏதாவது கிறுக்குப் பிடிக்கும். போன லீவில் கேக்.

"அம்மா, ஒன் மூஞ்சிய அளக்கணும். ஆடாம நில்லு" என்று பென்சிலை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, போ அங்கிட்டு. என் மூஞ்சிய ஒருத்தரும் அளக்க வேண்டாம்."

நான் சொன்ன வேகத்தில் பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாவம், ஒரு காலத்தில் அடுத்தவர் முகத்தை அளந்து பிழைக்கப் பார்த்தவள் அவள் அம்மா என்பது அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பத்தாவது முடித்த கையோடு நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனேன். எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். அந்த வகையில் நானும் ஆபீசுக்குப் போனவள் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்ளலாம். விடிந்தும் விடியாமலும் ஊருக்கு வேன் வந்துவிடும். மழை பெய்த மறுநாள் கரிசல் மண் செருப்போடு சேர்ந்து அப்பிக்கொள்ளும் என்பதால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வேன் வரைக்கும் நடப்போம். உள்ளே போய் உட்கார்ந்தால் மருந்து முக்காத வெள்ளைக்குச்சிகளை எடுத்து, சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். கட்டை அடுக்குதல் என்று அதற்குப் பெயர். நான் அதில் படு மந்தம். என் நினைப்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

டிராயிங் டீச்சர் ஆக வேண்டும் என்பது என் நினைப்பு. அதற்கு அரசாங்கப் பரீட்சை உண்டு என்று கேள்விப்பட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாத ஓவியப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். முகத்துக்கு அதில் ஒரே ஒரு பக்கம்தான். முட்டை வடிவத்தில் ஒரு மொட்டைத் தலை, நட்ட நடுவில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 'கண்கள் சரிபாதியில் அமையும்' என்று ஒரு வரி. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. என்னிடம் அடிமட்டமும் இல்லை. கையில் இருந்தது வெள்ளைக்குச்சி. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, அச்சுப் பிசகிய லேபிள் காகிதத்தின் பின்பக்கம் வரைந்து பழகினேன்.

அரைகுறையாகக் கற்றவளுக்கு வரும் திமிர் இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வேன் டிரைவருக்குக் காது ஏறிக்கிடக்கிறது, மேஸ்திரிக்கு இரண்டு கண்ணுக்கு நடுவே ஒரு கண் வைக்க இடமில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் நாக்கு நீளும்.

என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்கியவள் சண்முகத்தாய். என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் ஒரு சட்டம் முடிப்பதற்குள் இரண்டு முடித்துவிட்டு என்னுடையதிலும் கை கொடுப்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் அவளுக்கு நாகலாபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக மிளகாய்க் காடு, குடியோ சீட்டோ கிடையாது. அந்த இடம் அமைந்தால் அதோடு மருந்து வாடையிலிருந்து தப்பித்துவிடலாம் என்று அவள் உயிரையே அதில் வைத்திருந்தாள். போட்டோ கேட்டு ஆள் விட்டிருந்தார்கள். ஸ்டுடியோவில் இரண்டு தடவை எடுத்தும் பளிச்சென்று லைட் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு போட்டோவிலும் தூங்குகிறவள் மாதிரி இருந்தாள்.

"நீதான் வரையுதியே. கண்ணு தொறந்த மாரி என்னிய ஒண்ணு வரைஞ்சு குடுட்டி. போட்டோவோட சேத்து அனுப்பிருதேன்" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளை உட்காரவைத்து, குச்சியை முகத்தில் வைத்து அளந்தேன். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து கண் வரைக்கும் இரண்டு குச்சி. கண்ணிலிருந்து தாடை வரைக்கும் இரண்டரை. திரும்பவும் அளந்தேன். அப்படியேதான் வந்தது.

"ஏட்டி, ஒனக்கு நெத்தி அரைக்குச்சி கொறையுது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவ்வளவுதான். அன்றைக்கு வேன் ஏறுவதற்குள் அவள் பெயர் அரைக்குச்சி ஆகிவிட்டது. அடுத்து யார் வருகிறீர்கள் என்று குச்சியைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். ஒருத்தியும் முகத்தைக் காட்டவில்லை, கையால் பொத்திக்கொண்டு ஓடினார்கள். என் முகத்தை அளக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

படத்தை மூன்று நாளில் முடித்தேன். அளவு தப்பக் கூடாது என்று கண்ணைக் கீழே இறக்கி, நெற்றியைப் பெரிதாக்கி, புத்தகத்தில் சொன்னபடி சரிபாதியில் வைத்தேன்.

வாங்கிப் பார்த்தவள், "இது யாருட்டி?" என்றாள்.

"நீதான். அளவு சரியா இருந்திருந்தா நீ இப்பிடித்தான் இருந்திருப்ப."

தன் நெற்றியை விரலால் தடவிப் பார்த்தாள். "இந்தக் கொறை அவியளுக்குத் தெரியுமா?"

"நேர்ல பாத்தா தெரியாமலா போவும்?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இப்போது உங்களிடம் சாதிக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லும்போது எனக்கு இனித்தது. அவளுக்கு மாப்பிள்ளை வந்திருந்தது, எனக்கு வரவில்லை.

அந்தப் படத்தை அவள் அனுப்பவில்லை. கண் மூடிய போட்டோவைப் பார்த்துவிட்டே, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. அவள் அம்மாதான் ஆபீஸ் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிறு காலையில் சண்முகத்தாய் அப்பாவின் சவர பிளேடை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த வெள்ளைக்குச்சியைப் பாதியாக ஒடித்து, அந்த நீளத்துக்கு முன்நெற்றி முடியை மழித்திருக்கிறாள். இரண்டு இடத்தில் வெட்டிவிட்டது. மேலே பவுடரை அப்பியிருக்கிறாள்.

"மாப்ளயோட அம்மா வந்து உக்காந்ததும் அதத்தான் பாத்தாவ. புள்ளைக்கு முடி கொட்டுற சீக்கானு கேட்டாவ. இல்ல, அவளே வழிச்சுக்கிட்டானு சொன்னேன். அப்ப புத்திக்குச் சரியில்லயானு கேட்டாவ. வச்ச காப்பிய ஒருத்தரும் தொடல. அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டாவ."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு செஞ்சிட்டா" என்று மட்டும் சொன்னார்கள்.

புதன்கிழமை தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். துண்டை எவளோ பிடித்து இழுத்தாள். முளைவிட்ட முடி குத்திட்டு நின்றதைப் பார்த்து அரைக்குச்சி என்ற பெயர் போய்ச் சவரம் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்தது நானில்லை. ஆனால் எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் பழி என் மேல் திரும்பிவிடும் என்று பயம். அதற்குப் பிறகும் நான் அடுக்கத் திணறும்போது அவள் கை வந்து என் சட்டத்தை முடித்துக்கொடுத்தது. பேச்சு மட்டும் இல்லை.

அந்த டிராயிங் பரீட்சையையும் எழுதினேன். முகமே கேட்கவில்லை. ஒரு குடத்தையும் இரண்டு கத்தரிக்காயையும் வைத்து வரையச் சொன்னார்கள். குடம் ஒரு பக்கம் வீங்கிப்போய் நான் பெயிலானேன். சண்முகத்தாயை ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பல வருஷம் கழித்து மணியாச்சியில் ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்தேன். முந்தானையைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள். கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். வண்டி கிளம்பும் வரைக்கும் நிமிரவில்லை.

இதெல்லாம் நினைவுக்கு வந்த பிறகு மகளைக் கூப்பிட்டேன். தரையில் கிடந்த கொளுத்தாத குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்து, முடி தொடங்கும் இடத்திலிருந்து என் முகத்தை அளக்கச் சொன்னேன்.

"மேல ரெண்டு. கீழ ரெண்டரை" என்றாள்.

"அப்ப எனக்கும் அரைக்குச்சி கொறையா?"

"கொறையெல்லாம் இல்லம்மா. எல்லாருக்கும் இப்பிடித்தான் வரும். முடியில இருந்து அளக்கக் கூடாது, மண்டை உச்சில இருந்து அளக்கணும். முடிக்குள்ளயும் மண்டை இருக்குல்ல?"

நான் பார்த்துப் படித்த படம் மொட்டைத் தலை. அதன் உச்சியை நெற்றியின் முடிவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ஆபீஸ் இன்று இல்லை. மிஷின் வந்தது, பிறகு லைட்டர் வந்தது, ஆபீஸ் இருந்த இடத்தில் மாட்டுத்தீவன குடோன் இருக்கிறது. கட்டை அடுக்கியவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். சண்முகத்தாயும் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஊர்க்காரி ஒருத்தி சொன்னாள்.

மகளிடம் ஒரு தாளும் பென்சிலும் வாங்கினேன். முட்டை போட்டேன். மேலே முடிக்கு இடம் விட்டேன். கோட்டைச் சரியான இடத்தில் இழுத்தேன். மூக்கு வரவில்லை. கன்னம் ஒட்டியதா, உப்பியதா என்பதும் தெரியவில்லை. இரண்டு, இரண்டரை என்ற கணக்கைத் தவிர சண்முகத்தாய் முகத்தில் எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

"யாரும்மா இது? கண்ணு வரையலயா?" என்றாள் மகள்.

"போட்டோவுல மூடிக்கிடுவா" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் மூடிய கண் இரண்டை வரைந்து வைத்தேன்.