தங்கை கட் செய்த அழைப்புகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு நாற்பத்திரண்டு. மின்னணு வழியாகத் தரப்படும் எதுவும் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வடிவில் இருக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட பிரிவுகளைக் காட்டி எத்தனையோ கோப்புகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே, சட்டம் இருப்பதால் அது நடக்கும் என்று நம்பும் பழக்கம் எனக்கில்லை.

என் மனைவி பக்கவாதத்தில் விழுந்த பிறகு மடுகரையிலிருந்து என் தங்கை வந்து எங்களோடு தங்கினாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். என் பங்கு காகிதங்கள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு திட்டம் வந்திருப்பதாகத் தெரிந்ததும், புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே முதல் ஆளாக விண்ணப்பித்தேன். சேர்ந்தால் பிசியோதெரபிஸ்ட் வாரந்தோறும் வீட்டுக்கே வருவார். பதிலுக்கு, பார்த்துக்கொள்பவரின் போனில் மாத்திரைக் கணக்கு வைக்கும் ஒரு செயலி இருக்க வேண்டும்.

செயலியை வடிவமைத்த இளம்பெண்ணே வந்து தங்கையின் போனில் அதை ஏற்றினாள்.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியலேன்னாலும் பரவாயில்ல சார். மாத்திரை நேரத்துக்கு அதுவே போன் பண்ணிப் பேசும்."

"பேசும், சரி. காது கேக்குமா?" என்றேன்.

சிரித்தாள். என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிப்பவர்களை நான் மறப்பதில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒழுங்காகத்தான் வந்தார். மனைவியின் வலக்கையில் ரப்பர் பந்து ஒன்றை வைத்துப் பிடிக்கப் பழக்கினார். கோடை உச்சத்துக்கு வருவதற்குள் விரல்கள் பந்தைச் சுற்றி மெல்ல மடங்கத் தொடங்கின. பிறகு திடீரென்று அவர் வருவது நின்றது. போன் செய்து கேட்டேன்.

"உங்க வீட்ல மாத்திரையே குடுக்கறதில்லன்னு காட்டுது சார். சிஸ்டமே நிறுத்திடுச்சு."

சிஸ்டத்தை நான் நம்பவில்லை. தங்கையையும் நம்பவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். காலியாக வேண்டியவை காலியாகவே இருந்தன. பிய்த்துக் குப்பையில் போட்டிருப்பாளோ என்றும் யோசித்தேன்.

மறுநாள் காலை நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு கவனித்தேன். தங்கை என் மனைவியை ஒரு கையால் தாங்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மறுகையின் சுண்டுவிரலால் சிவப்பைத் தள்ளிவிட்டு, மாத்திரையைப் பிரித்து அண்ணியின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"போனை ஏன் கட் பண்ற?"

"பின்ன இன்னா பண்ணுவாங்க? மாத்திரை குடுன்னு கூப்புடுது, சரின்னு கட் பண்ணேன். நீ பஸ்ஸ வுட்டு எறங்கி ரிங் வுட்டா, நான் கட் பண்ணிட்டுத்தான சோறு போடுறேன்? எடுத்துப் பேசிக்கினா இருக்கேன்?"

பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "அட்டையெல்லாம் எடுத்துப் பாத்தியே, சரியா இருந்துச்சா?" என்றாள்.

மனைவி சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அழைப்பை எடுத்து, குரலை முழுக்கக் கேட்டு, ஒன்றை அழுத்தினால்தான் மாத்திரை கொடுத்ததாகப் பதிவாகும் என்று அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கட் செய்தால் மறுத்ததாகப் பதிவாகும். நோயாளியைத் தாங்கிப் பிடித்திருப்பவருக்கு மூன்றாவது கை உண்டு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். திட்ட அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன்.

"கட் பண்ணா வேணாம்னுதானே சார் அர்த்தம்?"

"எந்த ஊர்ல?"

"எல்லா ஊர்லயும்தான்."

"ஒரு வூட்லயாவது போய் உக்காந்து பாத்தியாம்மா?"

"எங்கம்மாவும் கட்தான் பண்ணுவாங்க" என்றாள். பிறகு, "எழுத்துல குடுத்துடுங்க சார்."

பேசும் செயலிக்கு மனு எழுத்தில்தான் தர வேண்டும். பொருள், பார்வை, பிரிவு நாற்பத்திரண்டு என்று முறைப்படி எழுதினேன். அழைப்பைத் துண்டித்தால் கொடுத்ததாகக் கொள்ளவும். ஐயம் இருந்தால் சிஸ்டத்தை நம்பாமல் ஆள் அனுப்பி நேரில் பார்க்கவும். ஒப்புகை முத்திரை வாங்காமல் நான் நகரவில்லை.

பதில் வரவில்லை. மனைவியின் விரல்கள் மறுபடி இறுகின. தங்கை பந்தை வைத்துப் பழக்கப் பார்த்தாள். வலியில் மனைவி அதை இடக்கையால் தட்டிவிட, பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய் அங்கேயே கிடந்தது.

கடைசியில் என் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. மனு ஏற்கப்பட்டது, துண்டித்தால் கொடுத்ததாகவே இனி பதிவாகும், பிசியோதெரபிஸ்ட் நாளை வருவார். கோப்பு எண் இல்லை. கையொப்பம் இல்லை. இவ்வளவு தெளிவாக எழுதும் அலுவலகம் எதையும் நான் பார்த்ததில்லை. தங்கைக்குப் படித்துக் காட்டிவிட்டு, கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு முறை அடித்தது. யாரோ கட் செய்தார்கள்.

"கட் பண்ணிட்டாங்களா? அப்ப சரிதான்" என்று தங்கை குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துக் கழுவப் போனாள்.

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஆகஸ்ட் பதினாறு, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததற்கான விடுமுறை, இங்கே எந்த அரசு அலுவலகமும் திறக்காத நாள்.