அம்மா கடலுக்குள் போன ஞாயிற்றுக்கிழமை

டிசம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு டாக்ஸி வந்தபோது, அப்பா பெட்டிகளோடு தெருவில் தயாராக நின்றுகொண்டிருந்தார். விமானம் பத்தரைக்கு. விமான நிலையம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வண்டி ஹெப்பாள் மேம்பாலத்தை நெருங்கியதும் அம்மா பின்சீட்டிலிருந்து எட்டி, "ஸ்வல்ப பேக ஹோகப்பா" என்று கன்னடத்தில் ஓட்டுநரை விரட்டினாள். அவர் வேகத்தைக் கூட்டினார். உடனே, "இஷ்டு பேக பேடப்பா!" என்றாள். இவ்வளவு வேகம் வேண்டாமாம். ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் அந்தமானுக்குப் புறப்பட்டிருந்தோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் என் கணவர் அவர்களோடு வீட்டில் இருந்துவிட்டார். அப்பா தேவராஜுக்கு அறுபத்திரண்டு வயது. கோலார் தங்கவயலில் இருபது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் உழைத்தார். இப்போது அவரும் அம்மா கமலாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். அம்மா கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான், சென்னையில், அதுவும் கணுக்கால் நனையும் அளவுக்கு.

இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு ரகசிய ஆசை இருந்தது. ரகசியம் என்றாலும் புறப்படும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா ஸ்கூபா செய்ய வேண்டும். காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் மீன்களைப் பார்க்க வேண்டும். பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் இறங்கியவருக்கு நாலு ஆள் ஆழத் தண்ணீர் எம்மாத்திரம்? நுரையீரலைப் பரிசோதித்த மருத்துவரும் சரி என்று சொல்லியிருந்தார். நானும் அப்பாவும் உள்ளே போவோம், அம்மா கரையில் பையைப் பார்த்துக்கொள்வாள். இதுதான் என் திட்டம்.

இரண்டரை மணி நேரப் பறப்பில் அம்மா ஒரு நிமிஷம்கூட ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீலத்துக்கு நடுவே முதல் தீவு தெரிந்ததும், "ஏங்க, அங்க பாருங்க! பச்சையா தோசை ஊத்தி வெச்ச மாதிரி இருக்குது!" என்று அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். வாயில் வருவது என்னவோ பழைய பெயர்தான். படகுத் துறைக்கு எங்களை அழைத்துப் போன ஓட்டுநர் தமிழர். அவருடைய குடும்பம் ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறியதாம்.

"இங்க சாயந்தரம் அஞ்சுக்கே இருட்டிரும்மா," என்றார். "ஊர்ல மாதிரி எட்டு மணிக்கு எந்திரிச்சீங்கன்னா பாதி லீவு போச்சு. சூரியனோட எந்திரிங்க, அப்பத்தான் குடுத்த காசுக்குத் தீவைப் பாக்கலாம்."

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன்.

இரண்டு மணிக்குப் படகு. ஹேவ்லாக் தீவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாங்கள் தங்கிய இடம் தென்னந்தோப்புக்குள் வரிசையாகக் கட்டிய மரக் குடில்கள். கதவைத் திறந்து நூறடி நடந்தால் கடல். அப்பா பெட்டியைக்கூடத் திறக்காமல் போய் மணலில் நின்றுகொண்டார். ஓட்டுநர் சொன்னது போலவே ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததே மழையோடுதான். ஸ்கூபாவுக்கு அன்று காலைதான் பதிவு செய்திருந்தேன். குடை பிடித்துக்கொண்டு ஸ்கூபா மையத்துக்குப் போய்க் கேட்டபோது, "இன்னைக்குக் கடலுக்குள்ள ஒண்ணும் தெரியாதுக்கா, ஒரே கலங்கலா இருக்கும். நாளைக்கு ஆறரைக்கு வாங்க," என்றாள் அங்கே பயிற்சி தரும் பெண். பெயர் ரீட்டா. போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். திங்கள் காலை எங்களுக்குத் திரும்பும் கப்பல். ஞாயிறையும் மழை தின்றுவிட்டால் அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவோ, "மழைன்னா இன்னா, சக்கரையா நாம கரைஞ்சு போக?" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நனைந்தபடியே கடைத்தெருவுக்கு நடந்தோம். ஒரு வங்காளிச் சாப்பாட்டுக் கடையில் கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பு, சோறு, பருப்பு. ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய். குழம்பில் புளி இல்லை என்று அம்மா முதலில் முகம் சுளித்தாள். பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை விழித்ததும் ஜன்னலைத் திறந்தேன். வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. நான் கத்திய கத்தலில் இருவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆறரைக்குக் கடற்கரையில் இருந்தோம். ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் கூடவே வந்து பிடித்துக்கொள்வார், நீச்சல் தெரிய வேண்டியதில்லை. முதலில் இடுப்பளவு தண்ணீரில் பாடம். உடம்போடு ஒட்டும் கறுப்பு உடுப்பு, மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ளும் குழாய். வாயால் மட்டுமே மூச்சு. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நன்றாக இருக்கிறேன்'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்'.

அப்பா குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தார். அடுத்த நொடியே எழுந்துவிட்டார். மறுபடி வைத்தார். இந்தத் தடவை கண்ணாடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, விறுவிறுவென்று கரையேறி மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். நான் பார்த்தறியாத அப்பா அவர்.

"இன்னாப்பா, தண்ணி குடிச்சிட்டீங்களா?"

"இல்ல பாப்பா." மூச்சு வாங்கினார். "எனக்கு வேணாம். கீழ போனதெல்லாம் போதும். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பயந்துகினேதான் போனேன். மேல வந்து வெளிச்சத்தைப் பாத்தப்புறம்தான் உசுரு வரும். உங்களுக்குலாம் சொன்னதில்ல."

அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். தோழிகளிடம் பெருமையடித்தும் இருக்கிறேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டம் போனால் போகட்டும், மூன்று பேரும் இளநீர் குடித்துக்கொண்டு கரையிலேயே இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா ரீட்டாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அந்தக் கறுப்பு டிரஸ்ஸு என் சைஸுக்கு இருக்குதாம்மா?"

"கமலா, உனக்கின்னா பைத்தியமா?" என்றார் அப்பா.

"நீங்க உக்காருங்க. காசு கட்டியாச்சு, மழையும் வுட்டாச்சு. இவ்ளோ தூரம் வந்துட்டு மீனைக் குழம்புல மட்டும் பாத்துட்டுப் போறதா?"

ரீட்டா அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள், உடம்பு பற்றிப் பத்துக் கேள்வி கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் முதல் முறையாகப் புடவையும் நைட்டியும் அல்லாத ஒன்றை அணிந்து, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, என் அம்மா அந்தமான் கடலில் நின்றாள். மூச்சுப் பாடத்தை என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். "நீயும் போ பாப்பா, அவ தனியா போறா," என்று அப்பா என்னைத் தள்ளிவிட்டார்.

அதன் பிறகு நான் பார்த்ததை எழுத எனக்குச் சொல் போதாது. தலை மூழ்கியதும் சத்தமெல்லாம் நின்றுபோய், என் மூச்சு மட்டும் கேட்டது. கீழே பவளப் பாறைகள், மூளை மாதிரி, விசிறி மாதிரி, மான் கொம்பு மாதிரி. மஞ்சளும் கறுப்புமாக ஒரு மீன் கூட்டம் என் முகத்துக்கு நேராக வந்து, கடைசி நொடியில் திரும்பியது. எனக்குப் பத்தடி முன்னால், ரீட்டாவின் பிடியில் அம்மா மிதந்துகொண்டிருந்தாள். ஊதா உதடுகளோடு வாய் பிளந்திருந்த ஒரு பெரிய சிப்பி, அவள் நிழல் பட்டதும் பட்டென்று மூடிக்கொண்டது. அம்மாவின் கண்கள் கண்ணாடிக்குள் இரண்டு மடங்காக விரிந்தன. சந்தோஷம் தாளாமல் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

மறுகணம் ரீட்டா அவளை மேலே கொண்டுபோய்விட்டாள்! என்னுடைய பயிற்சியாளர் என்னையும் மேலே அழைத்துப் போனார். தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டியதும் அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"சூப்பரா இருக்குதுன்னு சொன்னா மேல இழுத்துகினு வந்துட்டியே! மறுபடி கூட்டினு போ!"

ரீட்டா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றுவிட்டது. அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா பாதியில் மேலே வந்ததும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். கறுப்பு உடுப்பைக் கழற்றிவிட்டு மாற்றியிருந்த சட்டை பேண்ட்டோடு மார்பளவு தண்ணீருக்கு ஓடி வந்து நின்றார். "ஒண்ணுமில்லப்பா!" என்று கையாட்டினேன். அவர் திரும்பிப் போகவில்லை.

மறுபடி இறங்கினோம். ஓர் ஆமை எங்களைச் சட்டைசெய்யாமல் கடந்து போனது. அம்மா இந்தத் தடவை இரண்டு கைகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டாள், தவறியும் கட்டைவிரல் உயர்ந்துவிடாதபடி.

கரைக்குத் திரும்பியபோதும் அப்பா அதே இடத்தில், அதே தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் கையைப் பிடித்து மணலுக்கு அழைத்துப் போனார். அவள் சிப்பியைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, மெல்லக் கேட்டார்:

"நான் கீழ இருக்கும்போதெல்லாம் நீ இப்படித்தான் இருந்தியா?"

அம்மா தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "பின்ன? ஷிப்ட் முடிஞ்சு சங்கு ஊதி, நீங்க வந்து செருப்பைக் கழட்டற சத்தம் கேக்கற வரைக்கும் ஒரு வாய் சோறு எறங்காது."

"எனக்குத் தெரியாதே."

"நீங்கதான் பயமே இல்லாத மாதிரி போவீங்களே. நான் எப்படிச் சொல்றது?"

நான் இளநீர் வாங்கப் போனேன். ஒன்று அறுபது ரூபாய். மூன்று வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தேன்.

மாலையில் ராதாநகர் கடற்கரை. ஆட்டோவில் கால் மணி நேரம். வெள்ளை மணல், பின்னால் வானைத் தொடும் மரங்கள். அங்கே அப்பா கழுத்தளவு தண்ணீரில் அம்மாவோடு அலையைத் தாண்டித் தாண்டிக் குதித்தார். சூரியன் மறைந்து, காவலர் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றும் வரை அவர்களைக் கரையேற்ற முடியவில்லை. தீவை எப்படி முழுதாக அனுபவிப்பது என்று இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

திங்கள் காலை அரசுக் கப்பலில் போர்ட் பிளேருக்குத் திரும்பினோம். அதில்தான் மேல்தளத்தில் நிற்க முடியும். தீவு பச்சைக் கோடாகி மறையும் வரை அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "மூச்சு விடறது கூட அங்க வேற மாதிரி இருந்துது பாப்பா," என்றாள். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பெங்களூர் குளிர் முகத்தில் அடித்தது. ஹெப்பாளில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. எங்கள் ஊரில் கடல் இல்லை. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் அங்கே பெண்களுக்கு மட்டும். அம்மா சேர்ந்துவிட்டாள். அடுத்த தடவை ரீட்டாவின் கையைப் பிடிக்காமல் போக வேண்டுமாம். அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று எத்தனையோ முறை போன் செய்து சொல்லிப் பார்த்தேன்.

"அவ மேல வரட்டும் பாப்பா," என்கிறார், குளத்தின் வாசலில் நின்றபடி.