கூட்டாளி தேடிய மழைக்காலம்

என்னோடு சேர்ந்து கம்பெனி தொடங்கியவன் ஐப்பசி மழையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கல்லூரியில் என் கூடப் படித்தவன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை ஏலம் எடுக்கும் மீனைச் சுத்தம் செய்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சிதம்பரத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் தொழில். மீன் என் பொறுப்பு. என் அம்மா அதே துறைமுகத்தில் கூடை வைத்து விற்றவள். ஆர்டர் வாங்கும் ஆப் அவன் பொறுப்பு. அவன் போன மறுவாரமே ஆப் நின்றது. போன் செய்தால், மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி மட்டும் வரும்.

புதிய கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் தரும் ஒரு மையம் அப்போதுதான் எங்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. தனி ஆளுக்குத் தரமாட்டோம், மாதக் கடைசிக்குள் இன்னொரு நிறுவனரோடு வாருங்கள் என்றார்கள்.

கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். குமராட்சியிலிருந்து வந்த ஒருவன் மாதச் சம்பளம் என்ன என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போனான். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முக்கால் பங்கு கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். அவரே பிறகு போனை எடுக்கவில்லை.

ஒருநாள் மாமா வீட்டுக்கு வந்தார். தன் மகன் சேர்ந்துகொள்வான், அப்படியே கல்யாணத்தையும் முடித்துவிடலாம் என்றார். அவர் போனதும் அம்மா சொன்னாள்: "அவன் கடல் பாத்தவன். இதுக்கு மேல ஒனக்கு யாருடி வருவாங்க?" குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சரி என்று சொல்லிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குப் பயம்.

கடைசியாக ஒருத்தி இருந்தாள். சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய வீடு. வெங்காயம்கூடச் சேர்க்காத குடும்பம். வேலை பார்த்த சென்னைக் கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் ஊர் திரும்பியிருந்தாள். ஆப் செய்வதில் கெட்டிக்காரி என்று தோழி சொன்னாள். மீன் கம்பெனிக்கு அவளைக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு அழைக்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னாள். என் போனில் பழைய ஆப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அமாவாசை, கிருத்திகையில் ஆர்டர் எவ்வளவு குறையும், புயல் வந்தால் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டாள். பழைய கூட்டாளி ஒருமுறைகூடக் கேட்காத கேள்விகள். எவ்வளவு பங்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

அவள் போனை என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப என் எடத்துல யார் உக்காந்திருந்தாலும் இதையேதான சொல்லியிருப்பீங்க?"

ஆமாம் என்றேன்.

"அதான் பயமா இருக்கு. ஆப்பை சரிபண்ணித் தரேன், வேலைக்குக் காசு குடுங்க. கூட்டாளியா வான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க."

மாதக் கடைசி போயிற்று. மையத்தில் எங்கள் இடம் வேறு யாருக்கோ போனது. மாமாவிடம் முடியாது என்று சொன்னேன். எழுந்து போனவர் பொங்கலுக்கும் வரவில்லை. அம்மா என் முகம் பார்க்காமல் மீன் கழுவினாள். மார்கழியில் போனில் வந்துகொண்டிருந்த ஆர்டரும் சுத்தமாகப் படுத்துவிட்டது. மூடிவிடலாம் என்று நினைக்காத காலையே இல்லை.

தை மாதம் ஆப் ஓடத் தொடங்கியது. ஒருநாள் அவளே துறைமுகத்துக்கு வந்தாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏலம் பார்த்தாள். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்ப வந்து நின்றாள். கூட்டாளியாக வருகிறீர்களா என்று அன்றும் நான் கேட்கவில்லை. பங்குனியில் அவளே வருகிறேன் என்றாள், அவள் அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அவர் இன்றுவரை அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

நாங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டபோது சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. சிறு படகுகளில் வரும் கொஞ்ச மீனை எந்தெந்த வீட்டுக்குக் கொடுப்பது, எந்த வீட்டுக்கு இல்லை என்று சொல்வது என்பதுதான் நாங்கள் சேர்ந்து எடுத்த முதல் முடிவு. அதிலேயே எங்களுக்குள் சண்டை வந்தது.