நாற்பது பெட்டிக்கு ஒரே நம்பர்

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மூன்று மாடி அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் அவர் 'நம்பர் சார்'. கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஸ்டோர் அறை அவருடையது. முப்பத்தோரு வருடம் அங்கேதான் குடித்தனம். நாற்காலியிலிருந்து மேஜை விளக்கு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, பெரிய நீல ரிஜிஸ்டரில் ஏற்றி, வருடா வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்ப்பார். ஒருமுறை குப்பைக்கூடைக்கும் எண் ஒட்டிவிட்டு, உள்ளே இருந்த காகிதத்துக்கு ஒட்டாமல் விட்டதற்காக எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். அது கேலி என்று அவருக்குப் புரியவில்லை.

கம்ப்யூட்டர்கள் வந்ததும் அவருடைய ராஜ்ஜியம் பெரிதாகிவிட்டது. ஒரே தவணையில் நாற்பது லேப்டாப். ஒவ்வொன்றின் அடியிலும் கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சடித்திருந்தான். நம்பர் சார் முதல் பெட்டியைத் திருப்பி, தடித்த எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்து சீரியல் நம்பர் என்று எழுதினார். இரண்டாவதிலும் அதே எண். மூன்றாவதிலும் அதே. இன்னொருவராக இருந்தால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். நம்பர் சாருக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஒரே ரகம், ஒரே எண், கலப்படம் இல்லாத சரக்கு என்று நினைத்து நாற்பது வரியிலும் அதையே எழுதினார். அது மாடல் நம்பர் என்பதும், நாட்டில் அந்த ரகத்தில் விற்ற எல்லாப் பெட்டிக்கும் அதே எண்தான் என்பதும் அவர் காதுக்கு எட்டவேயில்லை.

அதோடு விட்டாரா? அலுவலக ஸ்டிக்கர் ஒட்ட இடம் தேடினார். அடியில் சின்னதாக ஒரு வெள்ளைச் சீட்டு, கட்டம் போட்டாற்போல் சரியான அளவில் இருந்தது. நமக்காகவே இடம் விட்டிருக்கிறான் என்று நாற்பதிலும் அதன் மேலேயே கச்சிதமாக ஒட்டினார். அந்தச் சீட்டில்தான் உண்மையான சீரியல் நம்பர் இருந்தது. ஸ்டிக்கர் சாதாரணமானதா என்ன, பிய்த்தால் அடியில் இருப்பதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும் ரகம். திருடனுக்குப் பயந்து அவரே தேடிப் பிடித்து வாங்கியது.

இடமாற்றமோ ஓய்வோ, அலுவலகத்தை விட்டுப் போகிற யாராக இருந்தாலும் தன் லேப்டாப்பின் சீரியல் நம்பரை எழுதி நம்பர் சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த விதியும் அவர் போட்டதுதான். விவரம் தெரிந்தவர்கள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, திறந்திருக்கும் ரிஜிஸ்டரைத் தலைகீழாகப் படித்து, அதையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். "பார்த்தீங்களா, எவ்வளவு கரெக்டா இருக்கு," என்று நம்பர் சார் பூரித்துப் போவார்.

மாட்டிக்கொண்டது தபால் பிரிவில் இருந்த பெண் ஒருத்திதான். நாலு வருடத்துக்கு முன்பு சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கியவள், பாவம், நேர்மையாக வேலை செய்தாள். அடியில் எண் மறைந்திருக்கவே, லேப்டாப்பை முடுக்கி, திரையிலேயே சீரியல் நம்பரைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தாள். நம்பர் சார் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டார். ஒத்துப்போகவில்லை. சிவப்பு மையில் குறுக்கே 'தவறு' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு ஃபைலில் செருகினார்.

மாற்றல் ஆணை வந்தவளுக்கு லீவும் கிடையாது என்றார்கள்; பதினோரு நாள் அவள் நடையாக நடந்தாள். கடைசியில் பக்கத்து மேஜைக்காரர் பரிதாபப்பட்டு ரிஜிஸ்டர் ரகசியத்தைச் சொன்னார். பொய்யான எண்ணை எழுதிக் கொடுத்தாள். "இதை முதல்லயே எழுதியிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டாம்மா?" என்று கையெழுத்துப் போட்டார் நம்பர் சார். அவள் ஒப்படைத்த லேப்டாப் கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்ததால் அதைத் தனக்கே வைத்துக்கொண்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. சனிக்கிழமை காலை ரயில். வெளியூரில் இருக்கும் மகளுக்கு இது தலைப்பிரசவம், எந்த நாளும் வலி எடுக்கலாம். இந்த நேரத்தில்தான், திங்கட்கிழமை பஸ்ஸில், டிக்கெட்டில் எண் தெளிவாக அச்சாகவில்லை என்று நடத்துநரோடு மல்லுக்கு நின்றுவிட்டு, வெற்றி வீரராக இறங்கினார். லேப்டாப் பை சீட்டிலேயே தங்கி, பஸ்ஸோடு போய்விட்டது.

மேலாளர் கையை விரித்துவிட்டார். "பொருள் வந்தாதான் விடுவிப்பு ஆணை தர முடியும். நீங்க போட்ட விதிதானே சார்."

வீட்டில் மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க வந்தாலும் வராட்டியும் நான் சனிக்கிழமை கிளம்பிடுவேன். பொண்ணு கேட்டா, அப்பா நம்பர் தேடிட்டு இருக்காருன்னு சொல்லிடறேன்."

புதன்கிழமை அதிர்ஷ்டம் கண் திறந்தது. பஸ்களில் கைவரிசை காட்டும் ஒருவன் பிடிபட்டிருப்பதாக போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. நம்பர் சார் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

பெஞ்சு மேல் பன்னிரண்டு லேப்டாப் வரிசையாக இருந்தன. ஏட்டு ரிஜிஸ்டர் எண்ணை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "சார், இந்த நம்பர் நாலு பெட்டியில இருக்கே. நாலும் உங்களுதா?"

நம்பர் சார் நாலையும் தானே திருப்பிப் பார்த்தார். நாலில் ஒன்றின் அடியில் ஸ்டிக்கரும் இல்லை, சீட்டும் இல்லை, செதில் செதிலாகப் பசை மட்டும் இருந்தது. "இதுதான் என்னோடது. இந்தப் பசையைப் பாருங்க, நான் வாங்கின ஸ்டிக்கரோட பசைதான்."

"பசைக்கு நம்பர் இருக்கா சார்?"

"பார்த்தாலே தெரியுதே. கொஞ்சம் மனசு வைக்கக் கூடாதா?"

"நம்பர் இல்லாம நான் எப்படிக் கொடுக்கிறது?" என்றார் ஏட்டு. முப்பத்தோரு வருடமாகத் தான் சொல்லிவந்த வசனத்தை நம்பர் சார் முதல்முறையாக எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டார். கேட்க நன்றாகவே இல்லை.

ஏட்டு அந்த லேப்டாப்பை முடுக்கினார். திரையில் ஒரு சீரியல் நம்பர் தெரிந்தது. அதை மறைத்துக்கொண்டு, "இதுக்கு ஏதாவது காகிதம் இருந்தா கொண்டுவாங்க," என்றார்.

அப்போதுதான் தபால் பிரிவுப் பெண்ணின் விண்ணப்பம் ஞாபகம் வந்தது. அலுவலகத்துக்கு ஓடி, பழைய ஃபைல்களைக் கவிழ்த்து, தூசியில் தும்மித் தும்மித் தேடி எடுத்து வந்தார். ஏட்டு எண்ணை ஒப்பிட்டார். அச்சு அசலாக ஒத்துப்போனது. நம்பர் சாருக்கு உயிர் வந்தது.

"குறுக்கே 'தவறு'ன்னு எழுதியிருக்கே, யாரு?" என்றார் ஏட்டு.

"நான்தான்."

"சரியான நம்பரைத் தவறுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. இதை வச்சு எப்படி சார் பொருளை விடறது? எழுதினவங்ககிட்ட, இதுதான் சரின்னு ஒரு கடிதம் வாங்கிடுங்க." பிறகு காகிதத்தை விளக்குப் பக்கம் பிடித்து மெதுவாக வாசித்தார். "'அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாளைக்கே கிளம்ப வேண்டும், தயவுசெய்து கையெழுத்திடுங்கள்.' இதை நீங்க படிக்கலையா சார்?"

படிக்கவில்லை. எண்ணுக்குக் கீழே எழுதியிருந்த எதையும் அவர் ஒருநாளும் யாருடைய காகிதத்திலும் படித்ததில்லை.

விண்ணப்பத்தில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் நின்று அவளுக்குப் போன் போட்டார். ஏழு வேலை நாள் ஆகும், எழுத்து மூலம் கேளுங்கள் என்றெல்லாம் அவள் திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தார். தனக்கு அது வேண்டியதுதான் என்றும் அவருக்குத் தோன்றியது. அவள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏட்டய்யா நம்பரைக் கொடுங்க சார்," என்றாள். பத்து நிமிடத்தில் ஏட்டின் போனுக்குக் கையெழுத்திட்ட கடிதம் வந்துவிட்டது.

நன்றி சொல்ல மறுபடி கூப்பிட்டார். "ரொம்ப நன்றிம்மா. அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

"நான் போய்ச் சேர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே போயிட்டாரு சார்." குரலில் கோபம் இல்லை. "பொண்ணுக்குப் பிரசவம்னு சொன்னீங்களே. நேரத்துக்குக் கிளம்புங்க. வச்சிடறேன்."

உள்ளே ஏட்டு லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். பெற்றுக்கொண்டதற்கான படிவத்தில் நம்பர் சார் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"அந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் கொடுங்க. நான் எழுதினதை அடிச்சிடறேன்."

"ஃபைல்ல ஏறிடுச்சே சார்," என்றார் ஏட்டு. "ஆவணத்துல அடிக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

விண்ணப்பத்தின் மேல், போனிலிருந்து அச்செடுத்த கடிதத்தை வைத்து, துளை போட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டினார். நம்பர் சார் பேனாவை மூடிக்கொண்டு அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.